மழுங்கிய உளியோடு ஏழு மாதம்

வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன மர லேத்தைப் போட்டுக் கடைசல் பழக ஆரம்பித்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. அதில் முதல் ஏழு மாதத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்த ஏழு மாதத்தில் சேர்த்து வைத்திருந்த காசு கரைந்தது, இடது புருவத்துக்குக் கீழே நாலு தையல் விழுந்தது, உருப்படியாக ஒரு கிண்ணம்கூட வரவில்லை. நமக்குக் கை வராது போலிருக்கிறது என்று லேத்தை விற்றுவிடவே முடிவு செய்திருந்தேன். கோளாறு எங்கே என்று இன்னொருவர் வந்து காட்ட வேண்டியிருந்தது. அதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. வீடியோ இருக்கிறதே, பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்ற தைரியம். வீடியோவில் கட்டை சுழலும், சீவல் சுருள் சுருளாகப் பறக்கும், பத்து நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும். நடுவில் அவர் எத்தனை முறை லேத்தை நிறுத்தி உளியைச் சாணை பிடித்தார் என்பதை மட்டும் வெட்டி எறிந்திருப்பார்கள். நமக்கு வேண்டியது அந்த வெட்டிய பகுதிதான்.

முதலில் காசுக் கதை. லேத் வாங்கியதும் பெரிய செலவு முடிந்தது என்று நினைத்தேன். பின்னால் கணக்குப் பார்த்தபோது, லேத்துக்குக் கொடுத்த அதே அளவு பணம் மற்ற சாமான்களுக்கும் போயிருந்தது. அதில் ஏறக்குறைய பாதி வீண். எட்டு உளி கொண்ட செட் ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். அதில் இன்றுவரை கையில் எடுப்பது இரண்டுதான். அதைவிடக் கொடுமை, கட்டையைக் கடித்துப் பிடிக்கிற சக் வாங்கிய கதை. நாலு தாடை சக், நல்ல கனம், பார்க்கவே ஆசையாக இருந்தது. கொண்டுவந்து மாட்டப் போனால் ஏறவில்லை. என் லேத்தின் ஸ்பிண்டில், அதாவது சுழலும் தண்டின் மரை எம்18 (18 மில்லிமீட்டர்), சக்கின் மரை 1 அங்குலம். மரையில் இத்தனை வகை இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அப்புறம் ஒரு அடாப்டர் வரவழைத்தேன், மூன்று வாரம் காத்திருப்பு. அடாப்டர் போட்டால் சக் பேரிங்கிலிருந்து அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். கட்டை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே எதை வாங்குவதற்கு முன்னாலும் உங்கள் லேத்தின் கையேட்டைத் திறந்து இரண்டு விஷயத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பிண்டில் மரையின் அளவு, அதன் உள்ளே கூம்பாகக் குறுகும் துளையின் அளவான மோர்ஸ் டேப்பர் எண். சின்ன லேத்தில் டேப்பர் பெரும்பாலும் எம்டி1 அல்லது எம்டி2 ஆக இருக்கும். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் உட்காராது.

லேத்தை எங்கே வைப்பது என்பதிலும் சொதப்பினேன். லேசான ஒரு மேஜை மேல் வைத்து ஓட்டினால், கட்டை கொஞ்சம் கோணலாக இருந்தாலே மேஜை நடக்க ஆரம்பித்துவிடும். கீழ்த்தட்டில் இரண்டு மணல் மூட்டை வைத்த பிறகு அடங்கியது. செலவே இல்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருவோம். எல்லோரையும் போல நானும் கிண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். அதுவே முதல் தப்பு. நீளக் கடைசலுக்கும் கிண்ணக் கடைசலுக்கும் உள்ள வித்தியாசம் வடிவத்தில் மட்டும் என்று நினைத்திருந்தேன். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் விஷயமே. மேஜைக்கால், பூரிக்கட்டை மாதிரி நீளமான சாமானில் நார் லேத்தின் நீளவாக்கிலேயே ஓடும். உளி எப்போதும் நாரின் பக்கவாட்டைத்தான் சந்திக்கும். கிண்ணத்துக்குப் பலகையிலிருந்து வெட்டிய கட்டையில் நார் குறுக்கே ஓடும். அது ஒரு சுற்று சுற்றுவதற்குள் உளி இரண்டு முறை பக்கவாட்டு நாரையும் இரண்டு முறை நாரின் நுனியையும் சந்திக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்றால், இரண்டாயிரம் முறை நுனிநார் வந்து உளியை முட்டுகிறது என்று அர்த்தம். பழகாத கைக்கு அது எப்படித் தாங்கும்? நீளக் கட்டையில் ஒரு மாதம் குமிழும் பள்ளமும் மாற்றி மாற்றிக் கடைந்து பழகிவிட்டு அப்புறம் கிண்ணத்துக்குப் போயிருந்தால் பாதிக் கஷ்டம் இருந்திருக்காது. விறகுக் கட்டை போதும். கடைந்து கடைந்து குச்சியாகும் வரை ஓட்டித் தூக்கிப் போட வேண்டியதுதான். எதையும் செய்து முடிக்கத் தேவையில்லை என்று ஒரு மாதம் இருப்பதற்குத்தான் மனசு வராது. எனக்கு வரவில்லை.

செட்டில் இருந்ததிலேயே அகலமாகவும் தடியாகவும் இருந்த உளியைத்தான் அந்தக் கிண்ணக் கட்டைக்கு எடுத்தேன். ரஃபிங் கௌஜ் என்பார்கள்; கௌஜ் என்றால் குழிவான உளி. சதுரக் கட்டையை முதலில் உருட்டாக்குகிற உளி. பெயரிலேயே முரட்டு வேலைக்கு என்று இருக்கிறது, முரட்டுக் கட்டைக்குச் சரியாக இருக்கும் என்று என் கணக்கு. முன்னால்தான் அது தடி. கைப்பிடிக்குள் போகிற வால் ஒல்லிக் கம்பி. நீளக் கடைசலுக்கு மட்டுமே செய்யப்பட்டது. கிண்ணத்தில் நுனிநார் ஓங்கி அடிக்கும்போது அந்த வால் தாங்காது. என்னுடையது வளைந்ததோடு போயிற்று. ஒடிந்திருந்தால் அரையடி இரும்பு எங்கே பறந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. கிண்ணத்துக்கு என்று தனியாக பௌல் கௌஜ் இருக்கிறது. முழுக்க ஒரே உருட்டுக் கம்பியில் செய்தது. ஒரே ஒரு நல்ல உளி வாங்கப் பணம் இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

உளி மாட்டிக்கொள்வதைப் பற்றி முன்கூட்டியே யாராவது சொன்னால்கூடப் புரியாது, அனுபவித்தால்தான் தெரியும். எல்லாம் சீராகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ‘டங்’ என்று ஒரு சத்தம், கைப்பிடி கீழேயிருந்து மேலே எகிறி முழங்கையில் இடிக்கும், கட்டையில் ஒரு விரல் அளவு பள்ளம் விழுந்திருக்கும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கேட்ச் என்று இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு ஒரு நாளில் ஏழெட்டு முறை ஆகும். ஆகஆகப் பயம் ஏறி, உளியை இறுக்கிப் பிடித்து, இறுக்கியதாலேயே இன்னும் அதிகமாக ஆகும். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான்: விளிம்புக்குப் பின்னால் ஆதாரம் இல்லாமல் விளிம்பு மட்டும் மரத்தைத் தொடுகிறது. முதலில் உளி, அதைத் தாங்குகிற டூல் ரெஸ்டில் அழுந்த உட்கார வேண்டும். அடுத்து விளிம்புக்குப் பின்னால் சாணை பிடித்த அந்தச் சரிவு முகம் சுழலும் மரத்தை உரச வேண்டும். இந்த நிலையில் எதுவும் வெட்டாது, சத்தம் மட்டும் வரும். கடைசியாகத்தான் கைப்பிடியை மெல்லத் தூக்க வேண்டும். தூக்கத் தூக்க விளிம்பு தானாக இறங்கி வெட்ட ஆரம்பிக்கும். நான் செய்தது நேர் தலைகீழ்: விளிம்பைக் கொண்டுபோய் மரத்தில் குத்துவது, அப்புறம் ரெஸ்டில் ஊன்றுவது. ஸ்க்யூ என்கிற சாய்வு உளி இன்னும் பொல்லாதது. அதன் மேல்முனை மரத்தைத் தொட்டால் போதும், கட்டை முழுக்கத் திருகாணி மாதிரி வரி ஓடிவிடும். விளிம்பின் கீழ்ப்பாதியில் மட்டும் வெட்டுவது என்று வைத்துக்கொண்டால் பிழைக்கலாம்.

டூல் ரெஸ்டை மரத்திலிருந்து ஒரு கால் அங்குலத்துக்கு மேல் விலக விடாதீர்கள். மரம் குறையக் குறைய ரெஸ்டும் கூடவே நகர வேண்டும், அதுவும் லேத்தை நிறுத்திவிட்டு. ஓடும்போதே தள்ளலாம் என்று தோன்றும். தள்ளாதீர்கள்.

இப்போது தையல் விழுந்த கதை. ஐந்தாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை மாலை. காலையில் ஒல்லியான ஒரு கைப்பிடி கடைந்திருந்தேன், வேகம் 2500 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 2500 சுற்று. அது முடிந்ததும் சக்கைப் பூட்டி 8 அங்குல விட்டமுள்ள கிண்ணக் கட்டையை மாட்டினேன். வேகத் திருகை இறக்க மறந்துவிட்டேன். முகத் தடுப்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணாடி போட்டிருந்தேன். ‘ஒரு நிமிட வேலைதானே’ என்ற நினைப்பு. கட்டைக்கு நேர் எதிரே நின்று சுவிட்சைத் தட்டினேன். லேத் ஒரு உறுமல் உறுமியது. அதற்கப்புறம் நான் தரையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. கட்டை சக்கிலிருந்து ஒடிந்து வந்து முகத்தில் பட்டுச் சுவரில் மோதி விழுந்திருந்தது. கண்ணாடிச் சட்டம் உடைந்து அதன் விளிம்புதான் புருவத்துக்குக் கீழே கிழித்தது. கண் தப்பியது அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதிர்ஷ்டத்தை நம்பி லேத் ஓட்டக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். பதில் பேச வாய் இல்லை.

கட்டு பிரித்த பிறகு ஒடிந்த கட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன். தப்பு ஒன்றில்லை, மூன்று. முதலாவது வேகம். அங்குலத்தில் விட்டத்தையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 8 அங்குலத்துக்கு 750 முதல் 1100 வரைதான். அதுவும் உருட்டான கட்டைக்கு. கோணலான பச்சைக் கட்டையை அதற்கும் கீழே ஆரம்பிக்க வேண்டும். நான் அதை 20000 என்ற கணக்கில் சுழற்றியிருக்கிறேன். இரண்டாவது, சக் கடிக்கிற அந்தக் குமிழ். டெனன் என்பார்கள். அதை நீளமாக விட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று நினைத்து நீளமாக விட்டதால், அதன் அடி சக்கின் உள்தரையில் முட்டி நின்றுவிட்டது. தாடைகளின் மேல்முகம், குமிழைச் சுற்றியுள்ள கட்டையின் தோளில் படியவே இல்லை. குமிழ் குட்டையாக இருக்கலாம், 5 அல்லது 6 மில்லிமீட்டர் போதும். தோள் தாடையில் தட்டையாக உட்கார வேண்டும், குமிழின் அடி எதிலும் முட்டக் கூடாது, பக்கம் தாடையின் சரிவுக்கு ஏற்ற சரிவாக இருக்க வேண்டும். மூன்றாவது, எதிர்ப்பக்கம் டெயில்ஸ்டாக்கைக் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கவில்லை. கிண்ணத்தின் வெளிப்புறம் முழுக்க முடிகிற வரை அதை எடுக்கத் தேவையே இல்லை.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வேலை முடிந்து லேத்தை அணைப்பதற்கு முன்பே வேகத்தைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிவிடுவேன். அடுத்து எப்போது தொட்டாலும் அது மெதுவாகத்தான் கிளம்பும். கட்டையை மாட்டியதும் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்ப்பேன். சக் சாவி கையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். கையில் இல்லையென்றால் சக்கில் இருக்கிறது என்று பொருள். முகத் தடுப்பை இறக்கிவிட்டு, கட்டை பறந்தால் போகக்கூடிய கோட்டிலிருந்து விலகி நின்றுதான் சுவிட்ச். கனமான கட்டை வந்தால் முகத் தடுப்பும் முழுக்கத் தாங்காது, அதனால்தான் விலகி நிற்பது. கையுறை, தொளதொள சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி, மோதிரம் எதுவும் லேத் பக்கத்தில் ஆகாது. பாலீஷ் போடத் துணியை விரலில் சுற்றிக்கொள்வதும் அப்படித்தான். துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கிழிந்து போகிற காகிதத்தால் தேய்ப்பதே நல்லது.

ஆறு வாரம் லேத் பக்கமே போகவில்லை. விற்றுவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். பார்க்க வந்தவர் வாழ்க்கை முழுக்கக் கடைசல் வேலை பார்த்த பெரியவர். லேத்தை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என் கௌஜை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, விளிம்பை மேலே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது உளி இல்ல, கரண்டி” என்றார். எனக்குச் சுருக்கென்றது. புதுசுங்க ஐயா, எட்டு மாசம்கூட ஆகலை என்றேன். “புதுசு என்னிக்கும் கூரா வராதுப்பா” என்று சொல்லி என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். விளிம்பு ஓரமாக ஒரு வெள்ளிக் கம்பி மாதிரி கோடு மின்னியது. கூரான விளிம்புக்கு அகலம் கிடையாது, அதனால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்ப இடமில்லை, கறுப்பாகத்தான் தெரியும். மின்னினால் மழுங்கல். அவர் என் சாணைக் கிரைண்டரிலேயே அரை நிமிடம் பிடித்துக் கொடுத்து அதே லேத்தில் அதே விறகுக் கட்டையில் வைத்தார். சீவல் ரிப்பன் மாதிரி வந்து என் கையில் விழுந்தது. கொஞ்சம் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. ஏழு மாதமாக நான் வெறும் தூளைத்தான் பார்த்திருந்தேன். லேத்தை அவர் வாங்கவில்லை. நானும் விற்கவில்லை.

நான் சாணையே பிடிக்காமல் இல்லை. பிடித்தேன், அதுதான் வேடிக்கை. கையால் குத்துமதிப்பாகப் பிடித்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோணம் வந்து, சரிவு முகம் ஒரே பரப்பாக இல்லாமல் மூன்று நாலு பட்டையாக இருந்தது. அந்த முகத்தைத்தானே மரத்தில் உரசவிட வேண்டும்? பட்டை பட்டையாக இருந்தால் எது உரசுகிறது என்று கைக்கே தெரியாது. நான் பட்ட கேட்ச்சில் பாதி இதனால்தான். ஒரு உளியில் பாதி நீளத்தைக் கல்லே தின்றிருந்தது. அதோடு கிரைண்டரோடு வந்த சாம்பல் நிறக் கல்லில் அழுத்திப் பிடித்து நுனியை நீலமாக்கியிருந்தேன். கார்பன் எஃகு நீலமானால் அந்த இடத்தில் கடினம் போயிற்று, திரும்பக் கூர் நிற்காது. எச்எஸ்எஸ் எனப்படும் அதிவேக எஃகுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எது எது என்று கண்டுபிடிக்கப் பொறியைப் பாருங்கள்: கார்பன் எஃகில் பொறி வெள்ளையாக மத்தாப்பு மாதிரி கிளைவிட்டு வெடிக்கும், எச்எஸ்எஸ்ஸில் மங்கலான ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சமாக வரும். என் மலிவு செட் முழுக்க மத்தாப்புதான்.

இப்போது வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் போட்டு, கோணம் மாறாமல் பிடிக்க ஒரு ஜிக் வைத்திருக்கிறேன். லேத்துக்கு முன்னால் இதை வாங்கியிருக்க வேண்டும். சரிவு முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லை கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், எங்கே மை அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. மேலிருந்து கீழ் வரை சீராக அழிந்தால் கோணம் சரி. அதன் பிறகு ஐந்து நொடி லேசாகத் தொட்டு எடுத்தால் போதும். பௌல் கௌஜுக்கு 50-லிருந்து 55 டிகிரி, நீளக் கடைசல் கௌஜுக்கு 35 டிகிரி வைத்திருக்கிறேன். டிகிரி முன்னேபின்னே இருந்தாலும் பரவாயில்லை, தினமும் மாறாமல் இருக்க வேண்டும். கடின மரமென்றால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சாணைக்குப் போகிறேன். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தாலோ, சீவலுக்குப் பதில் தூள் வந்தாலோ அந்த நிமிடமே.

உளி மழுங்கலாக இருந்த காலத்தில் பிய்ந்துபோன நாரையெல்லாம் உப்புத்தாளால்தான் சரி செய்தேன். சொரசொரப்பான 80 நம்பர் தாளில் ஒரு மணி நேரம் தேய்ப்பது. தாள் சூடேறி, மரம் சூடேறி, மெல்லிய சுவரில் மயிரிழை வெடிப்பு விட்டுக் கிண்ணம் வீணாகும். இப்போது பெரும்பாலும் 120-ல் ஆரம்பித்து 180, 240, 320 என்று நம்பர் தாண்டாமல் போகிறேன், மெதுவான வேகத்தில், டூல் ரெஸ்டைக் கழற்றி வைத்துவிட்டு. ஒரு நம்பரைத் தாண்டினால் அதன் கோடு எண்ணெய் பூசிய பிறகுதான் பளிச்சென்று தெரியும். தூசி மாஸ்க் இல்லாமல் தேய்த்த மாதங்களில் ராத்திரி இருமல் விடவே இல்லை. லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் எண்ணெய். விரித்துக் காயவிட்டுத்தான் தூக்கிப் போட வேண்டும்.

மரத்திலும் ஏமாந்தேன். வெட்டிப் போட்ட பச்சைக் கட்டை சும்மா கிடைத்தது. முழு உருளையாக அப்படியே வைத்தேன், ஒரே வாரத்தில் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி பிளந்துவிட்டது. நடுக்குருத்தை விலக்கி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தில் மெழுகோ பெயின்டோ பூசியிருக்க வேண்டும். மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. வளைய வாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகிற வாக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் வட்டமாகக் கடைந்த பச்சைக் கிண்ணம் காய்ந்ததும் முட்டை வடிவமாகிறது. இதற்கு வழி, முதலில் தடியாகக் கடைந்து வைப்பது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர், அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலத் தடிமன். காய்ந்து கோணியதும் மறுபடி மாட்டி வட்டமாக்கிக்கொள்ள அந்தத் தடிமன் இடம் கொடுக்கும். தையலெல்லாம் பிரித்து, கூர் பிடிக்கக் கற்று, நான் ஒழுங்காகக் கடைந்த முதல் கிண்ணத்தின் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது, ஆழத்தை அளக்காமல் ஒரு இழை கூடுதலாக எடுத்ததால். ஒரு குச்சியில் பென்சிலால் கோடு போட்டு விட்டிருந்தால் போதும். அது இப்போது என் மேஜையில் பேனாக்களோடு நிற்கிறது, ஓட்டைக்குக் கீழே ஒரு அட்டையோடு.

அலமாரியில் இப்போது ஆறு தடிக் கிண்ணங்கள் காகிதப் பையில் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் தேதியும் எடையும் எழுதியிருக்கிறேன். வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்ப்பேன், எடை இறங்குவது நின்றால்தான் மறுபடி லேத்துக்கு. பெரியதை நேற்று நிறுத்தேன். போன வாரம் 918 கிராம், நேற்று 911. பையை மூடித் திரும்ப வைத்துவிட்டேன்.